சூப்பர் பாண்டரோசா: ஒட்டுப்போட்ட கேமராவும் ஒரு காட்டு வாழ்க்கையும்

இந்த எபிசோட் ஒரு கேமராவைப் பத்தினது. கொஞ்சம் என் கதை, நிறைய வரலாறு.

போன மே மாசம் ஊருக்குப் போயிருந்தேன். காலை ஆறரைக்குச் சுசீந்திரம் குளத்துக்கரை. தூரத்தில் கூழைக்கடா நாலு மிதக்குது. என் கையில் பத்து வருஷப் பழைய நிக்கான், அதோட வந்த 18-55 லென்ஸ். எடுத்துப் பார்த்தா கூழைக்கடா இருந்த இடத்தில் நாலு வெள்ளைப் புள்ளி. சரி, கொஞ்சம் கிட்ட போவோம்னு சேத்துல இறங்கினேன். உடனே நெடுங்கால் உள்ளான் ஒண்ணு கத்திக்கிட்டே தலைக்கு மேல சுத்த ஆரம்பிச்சது. அது தரையில் முட்டையிடும் பறவை. கூடு பக்கத்துல எங்கேயோ இருக்குன்னு அர்த்தம். தாய் எழுந்து பறந்துட்டா முட்டை வெயிலில் காயும். வந்த வழியே திரும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். சீட்டுப் பணத்துல நாப்பதாயிரம் எடுத்துக் கொடுத்துட்டு, "மக்கா, ஒரு பெட்டிக்கு இம்புட்டு ரூவாயா?"ன்னு கேட்டாவ. நியாயமான கேள்வி. இதோட தவணை போட்டு ஃபுல் ஃப்ரேம் பாடி வாங்கவா, பழைய பாடியையே வெச்சுக்கிட்டு லென்ஸ் வாங்கவா? ரெண்டு வாரம் தூக்கமில்லை. அப்பதான் எம். கிருஷ்ணன் ஞாபகம் வந்தது.

கிருஷ்ணன் 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினா பக்கத்து ஊர்க்காரர். அப்பா அ. மாதவையா, 'பத்மாவதி சரித்திரம்' எழுதியவர். கிருஷ்ணன் 1950-இல் 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றி ஒரு பத்தி எழுதத் தொடங்கினார். 1996-இல் இறக்கும்வரை, 46 வருஷம், அதை நிறுத்தவில்லை. தமிழிலும் எழுதினார், ஓவியமும் வரைவார். 1959 முதல் 1970 வரை தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பார்த்து எழுதிய குறிப்புகளைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-இல் புத்தகமாகக் கொண்டுவந்தது. யானை, காட்டெருமை, புள்ளிமான் என்று அவர் எடுத்த படங்கள் எல்லாம் கருப்பு வெள்ளை.

அவருக்கு முன்னாடி இந்தியக் காட்டில் கேமரா தூக்கினவங்களில் பெரிய பெயர் எஃப். டபிள்யூ. சாம்பியன். வட இந்தியாவில் வன அதிகாரி. விலங்கு கம்பியைத் தொட்டா ஃபிளாஷ் அடிச்சு அதுவே தன்னைப் படமெடுத்துக்கொள்ளும்படி செஞ்சவர். 1927-இல் அவர் புத்தகம் வந்தது. அவர் பின்னால் ஒரு அரசாங்கப் பதவி இருந்தது. கிருஷ்ணன் எழுதிப் பிழைத்தவர். சுதந்திரத்துக்குப் பிந்தைய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெளிநாட்டுக் கேமரா வாங்குவது லேசான காரியமும் இல்லை.

அதனால் என்ன செய்தார்? ஒரு கம்பெனியின் பாடி, வேறொரு கம்பெனியின் டெலி லென்ஸ், இன்னும் சில சாமான்கள். எல்லாத்தையும் சேர்த்துக் கட்டி அதுக்கு 'சூப்பர் பாண்டரோசா'ன்னு பெயரும் வெச்சார். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக்காரரும் இயற்கையாளருமான ஈ. பி. ஜீ, 1964-இல் வந்த தன் புத்தகத்தில் இந்த ஒட்டுப்போட்ட கேமராவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே, ஆனா மரியாதையோட எழுதியிருக்கார். தங்க நிற லங்கூர் குரங்கின் அறிவியல் பெயரில் இருப்பது இந்த ஜீதான்.

இதில் எனக்குப் பிடிபட்ட விஷயம் இது. கிருஷ்ணன் பாடியின் பெயரைப் பார்க்கலை. தூரத்தில் நிக்கிற மிருகத்தை எட்டும் கண்ணாடி வேணும், மத்ததைக் கட்டிக்கலாம்னு நினைச்சிருக்கார். இன்னிக்கும் அந்தக் கணக்கு மாறலை. 300 மி.மீ. லென்ஸில் 50 மீட்டர் தூரத்தில் இருந்து எடுக்கும் அளவுக்கே 55-இல் எடுக்கணும்னா, 9 மீட்டர் வரை கிட்ட போகணும். அந்த 41 மீட்டருக்குள்ளதான் உள்ளானோட கூடு இருக்கு. டெலி லென்ஸ் படத்துக்காக மட்டும் இல்லை, பறவைக்காகவும்தான்.

ஃபுல் ஃப்ரேம் ஆசையும் இங்கேயே அடங்கிடுச்சு. என் பழைய பாடியின் சின்ன சென்சாரில் 300 லென்ஸ் 450 மாதிரி வேலை செய்யும். ஃபுல் ஃப்ரேமில் அதே 300 வெறும் 300தான். இருட்டிலும் விரிந்த காட்சியிலும் பெரிய சென்சார் நல்லது, மறுக்கலை. ஆனா மருந்துவாழ் மலையும் மாத்தூர் தொட்டிப்பாலமும் எங்கேயும் பறந்து போகாது. முக்காலியில் வெச்சு, எஃப் 8-இல், குறைஞ்ச ஐ.எஸ்.ஓ.-வில் அந்தப் பழைய 18-55 தாராளமா எடுக்கும். ஆரல்வாய்மொழிக் காத்துக்கு மட்டும் முக்காலியில் பையைத் தொங்கவிடணும்.

இன்னொரு வரலாறும் கைகொடுத்தது. நிக்கான் 1959-இல் கொண்டுவந்த எஃப் மவுண்ட்தான் அதன் டி.எஸ்.எல்.ஆர். வரைக்கும் வந்தது. கேனன் 1987-இல் மவுண்டையே மாத்தினதால் பழைய லென்ஸ் வெச்சிருந்தவங்க தவிச்சாங்க. இப்ப எல்லாரும் மிரர்லெஸுக்குப் போறதால, டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் மலிவா வருது. ஒரு எச்சரிக்கை: விலை குறைஞ்ச நிக்கான் பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் இருக்காது, லென்ஸில் இருக்கணும்.

நான் முதலில் ஒரு கடையில் வாங்கின 70-300-க்குள்ள பூஞ்சை. நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, கடல் காத்தும் உண்டு. அது பூஞ்சைக்கு விருந்து. செல்போன் டார்ச்சை லென்ஸ் பின்பக்கம் அடிச்சுப் பார்த்திருந்தா சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சிருக்கும். பார்க்காதது என் தப்பு. சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ரெண்டாவது லென்ஸை டார்ச் அடிச்சுப் பார்த்துத்தான் வாங்கினேன். இப்ப அது மூடி இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல்லோட தூங்குது. சீட்டுப் பணத்தில் பாதிக்கு மேல அம்மாகிட்டயே திரும்பிப் போயிடுச்சு.

சுசீந்திரம்-தேரூர் குளங்களும் வேம்பனூரும் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அதுக்கப்புறம் கேமராவோட வர்றவங்களும் கூடியிருக்காங்க. கூடட்டும். கரையில் நின்னு எடுப்போம்.

நேத்து திரும்பப் போனேன். அதே கரை. உள்ளான் ஒரு கால்ல நின்னுக்கிட்டு இருந்தது. பத்து படம் எடுத்தேன், ரெண்டு தேறும். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.