சலுகைக்கும் உரிமைக்கும் இடையே: முதியோர் பயணக் கட்டணத்தின் சட்ட வரலாறு

தெற்குக் கொல்கத்தாவின் டாக்குரியா நிலையத்தில் நிற்பவை, சியால்டாவிலிருந்து கேனிங், டயமண்ட் ஹார்பர் முதலிய ஊர்களுக்குச் செல்லும் புறநகர் மின்தொடர் வண்டிகள். அவற்றின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். முதியோர் கட்டணம் பற்றிய சிக்கல் இந்த வண்டிகளில் எழுவதில்லை. தொலைதூரப் பயணத்தில் எழுகிறது. டாக்குரியாவை அடுத்த லேக் மார்க்கெட் பகுதியில் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கிருந்து சென்னைக்குக் கோரமண்டல் விரைவு வண்டியில் ஒருவழிப் பயணமே சுமார் 1,660 கி.மீ. 2020 மார்ச் வரை இத்தகைய வண்டிகளின் அடிப்படைக் கட்டணத்தில், 60 வயது நிறைந்த ஆண்களுக்கு 40 விழுக்காடும் 58 வயது நிறைந்த பெண்களுக்கு 50 விழுக்காடும் தள்ளுபடி இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் தேவையற்ற பயணத்தைக் குறைக்கும் நோக்கில் 2020 மார்ச் 20 முதல் அது நிறுத்தப்பட்டது. மாற்றுத்திறனாளிகளில் சில பிரிவினர்க்கும், நோயாளிகளுக்கும், மாணவர்களுக்கும் உரிய சலுகைகள் தொடர்ந்தன. தொற்று ஓய்ந்த பின்னரும் முதியோர்க்குரியது திரும்பவில்லை.

நெடுங்காலம் வழக்கில் இருந்த ஒன்றை ஒரே ஆணை எவ்வாறு அகற்ற முடிந்தது என்பதே இங்கு எழும் வினா. இதற்கான விடையை இங்கிலாந்தின் ஒரு பழைய வழக்கோடு ஒப்பிட்டுக் காணலாம்.

1950களின் தொடக்கத்தில் பர்மிங்காம் மாநகராட்சி, 70 வயது கடந்த ஆண்களும் 65 வயது கடந்த பெண்களும் தன் பேருந்துகளில் இலவசமாகச் செல்லலாம் என அறிவித்தது. அதனால் ஏற்படும் இழப்பை மாநகராட்சியின் பொது வரி நிதி ஈடுசெய்யும் என்பது ஏற்பாடு. வரி செலுத்துவோர் ஒருவர் இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். மாநகராட்சி வரிப்பணத்தின் பொறுப்பாளரேயன்றி, அதைத் தன் விருப்பப்படி ஒரு பிரிவினர்க்குக் கொடையாக வழங்க அதற்கு அதிகாரமில்லை என்று 1954இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதியோர் தோற்றனர்; ஆயினும் வரலாறு அங்கே முடியவில்லை. ஏற்கெனவே நடைமுறையில் இருந்த இத்தகைய சலுகைகளுக்கு 1955இல் நாடாளுமன்றம் சட்ட ஏற்பு அளித்தது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அதிகாரத்தை விரிவாக்கியது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் அரைக் கட்டணத்தைக் குறைந்தபட்ச உரிமையாக்கியது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2008 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்து முழுவதும் நெரிசலற்ற நேரங்களில் உள்ளூர்ப் பேருந்துகளில் முதியோர் இலவசமாகச் செல்லலாயினர். கொடுக்கவே அதிகாரமில்லை என்று நீதிமன்றம் கூறியதிலிருந்து, கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் கூறும் நிலைவரை வந்துசேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இந்தியாவிலும் இச்சிக்கல் நீதிமன்றத்தை எட்டியது. தொடர்வண்டிச் சலுகையை மீட்டுத்தரக் கோரிய மனுவை 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இது அரசின் கொள்கை முடிவு, நீதிமன்றம் ஆணையிடுவதற்குரியதன்று என்பது அதன் நிலைப்பாடு. முதுமையில் அரசின் உதவி பற்றிப் பேசும் அரசமைப்பின் 41ஆம் உறுப்பு வழிகாட்டு நெறியேயன்றி வழக்காடிப் பெறத்தக்க உரிமையன்று. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு குறித்த 2007ஆம் ஆண்டுச் சட்டம் பயணக் கட்டணத்தைத் தொடவில்லை. இரு நாடுகளிலும் நீதிமன்றம் முதியோர்க்குச் சாதகமாக நிற்கவில்லை. வேறுபாடு அதற்குப் பின் நடந்ததில் உள்ளது. அங்கே சட்டம் வந்தது. இங்கே, குறைந்தபட்சம் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலுமாவது சலுகையை மீண்டும் வழங்க ஆராயலாம் என்ற நாடாளுமன்ற நிலைக்குழுவின் பரிந்துரை பரிந்துரையாகவே நின்றது.

செலவை யார் ஏற்பது என்பதும் இவ்வேறுபாட்டின் ஒரு கூறு. இங்கிலாந்தில் பேருந்தை இயக்கும் நிறுவனத்துக்கு உள்ளாட்சி அமைப்பு இழப்பை ஈடுசெய்கிறது. இங்கோ வண்டியை இயக்கும் துறையே சுமையைத் தாங்கியது. 2019-20இல் முதியோர் சலுகையால் கைவிட்ட வருவாய் சுமார் 1,667 கோடி ரூபாய். சமூக நலச் செலவாகப் பொது வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டிய தொகை, ஒரு துறையின் கணக்கேட்டில் இழப்பாகப் பதிவாகும்போது, அதை நீக்குவது சிக்கனமாகத் தோற்றம் பெறுகிறது.

சட்டமின்றியே நிலைத்த சலுகையும் உண்டு. அயர்லாந்தில் 1967இல் தொடங்கிய முதியோர் இலவசப் பயணத் திட்டம் நிர்வாக ஏற்பாடேயன்றிச் சட்ட உரிமையன்று. ஆயினும் 2008க்குப் பிந்தைய நிதி நெருக்கடியிலும் அது உயிர் பிழைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் 70 வயது கடந்தோரின் மருத்துவ அட்டை உரிமையில் அரசு கைவைத்தபோது, ஆயிரக்கணக்கான முதியோர் டப்ளின் நாடாளுமன்றத்தின் முன் திரண்டனர். அத்திரட்சியின் நினைவு ஓர் ஏட்டுச் சட்டத்துக்கு நிகரான காவல்.

மக்கள் திரட்சியின் வலிமையைக் கொல்கத்தாவும் அறியும். 1953 ஜூலை 1 முதல், பிரித்தானியருக்குச் சொந்தமான டிராம் நிறுவனம் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் ஒரே ஒரு பைசாவை உயர்த்தியது. பயணிகள் உயர்த்திய கட்டணத்தைத் தர மறுத்தனர், நகரம் கிளர்ந்தெழுந்தது, அம்மாதத்திற்குள்ளாகவே உயர்வு கைவிடப்பட்டது. டிராம் பயணிகள் நாள்தோறும் ஒரே ஊரில், ஒரே வண்டியில் ஒருவரையொருவர் கண்டவர்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை தொலைதூரம் செல்லும் முதியவருக்கு அத்தகைய கூட்டம் இல்லை. பயணச்சீட்டை இணையத்தில் மகனோ பேத்தியோ எடுத்துத் தருகிறார்கள். கூடுதல் தொகை வீட்டுக்குள்ளேயே செரிக்கப்படுகிறது. ஒன்றுகூடி மறுக்க இயலாதவர்க்கே எழுதப்பட்ட சட்டம் மிகுதியும் தேவை.

சட்டத்துக்கும் விலை உண்டு என்பதைத் தென்கொரியா காட்டுகிறது. 65 வயது நிறைந்தோர்க்கு 1984 முதல் அங்கே சுரங்க வண்டிப் பயணம் இலவசம். அன்று சிறுபான்மையாக இருந்த அவ்வயதினர் இன்று மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. சுரங்க வண்டி நிறுவனங்களின் பற்றாக்குறை தேர்தல் விவாதமாகிவிட்டது. டேகு நகரம் வயது வரம்பைப் படிப்படியாக 70க்கு உயர்த்துகிறது. உரிமையும் குறைக்கப்படலாம், ஆனால் முன்னறிவித்து, விவாதித்து, காரணம் கூறிக் குறைக்கப்பட வேண்டும்.

சலுகை என்னும் சொல்லில், பெரியவர் ஒருவரின் ஆதரவால் கிடைப்பது என்ற பொருள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வங்காளத்தில் இதற்கு வழங்கும் ‘சாட்’ என்ற சொல்லும் விட்டுக்கொடுத்தலையே குறிக்கிறது. விட்டுக்கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது இவ்விரு சொற்களுக்குள்ளும் அடங்கியிருக்கிறது. எந்த வயதினர்க்கு, எந்த வகுப்பில், யார் செலவில் என்ற மூன்றையும் ஒரு சட்டம் வரையறுக்கும் வரை, இந்திய முதியவரின் பயணம் ஆணை பிறப்பிப்போரின் மனநிலையைச் சார்ந்ததாகவே இருக்கும்.