எச்சில் பட்ட பிப்பெட்

பிளஸ் டூ படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூட லேபில் ஆறே ஆறு பிப்பெட் இருந்தது. கரைசலை வாயால் உறிஞ்சி, 20 மி.லி. கோடு வரைக்கும் ஏற்றி, விரலால் மூட வேண்டும். வாய் வைக்கிற சாமான் என்பதால் வந்தது வினை. காலனியிலிருந்து போன நாங்கள் நாலு பேர். "நீங்க பக்கத்துல நின்னு ரீடிங் குறிச்சிக்கிட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டார் வாத்தியார். காரணம் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரியணுமா?

பிராக்டிகல் பரீட்சை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிப்பெட்டைக் கையில் எடுத்தேன். வேகமாக உறிஞ்சியதில் இரும்பு உப்புக் கரைசல் வாய்க்குள் போய்விட்டது. துருவை நக்கினது மாதிரி இருந்தது. பெர்மாங்கனேட்டின் இளஞ்சிவப்பு எப்போது மறையாமல் நிற்கும், ஏன் நிற்கும் என்று கேட்டார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். சரியாகச் சொன்னேன். புத்தகம் மனப்பாடம். என் கைக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. அவர் குறைத்த மார்க் என் அறிவியலுக்கா, அந்த லேபின் சாதிக்கா?

இந்தக் கேள்விக்கு நூறு வயசுக்கு மேல். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்த அம்பேத்கரைக் கணக்குப் போடக் கரும்பலகைக்கு அழைத்தார் ஆசிரியர். பலகைக்குப் பின்னால் சாதி இந்துப் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாக்கள். அவர் கிட்டே வருமுன் ஓடிப்போய் டப்பாக்களை அப்புறப்படுத்தினார்கள் அந்தப் பிள்ளைகள். கணக்குச் சோதனைக்கு முன்னால் சாதிச் சோதனை. 1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறினார். இரண்டு பரீட்சை எழுதித் தேறியவர் என்றுதான் நாம் சொல்ல வேண்டும்.

தமிழகத்தில் 1978இல் பிளஸ் டூ வந்தது. 1984இல் மருத்துவம், பொறியியல் படிப்புக்கு நுழைவுத் தேர்வு வந்தது. டவுனில் கோச்சிங் போக முடிந்தவனுக்கு அது ஏணி, முடியாதவனுக்குச் சுவர். 2006இல் போட்ட சட்டம்தான் அதை இடித்தது. ஆனால் வேறு தில்லுமுல்லு நடந்தது. காசுள்ள தனியார் பள்ளிகள் பல, பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள்.

மார்க் வேறு, அறிவியல் வேறு என்பதற்கு உலகச் சாட்சியும் உண்டு. 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பீசா 2009 தேர்வின் இரண்டாம் சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழகமும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 கடைசியில் முடிவு வந்தது. அறிவியலில் தமிழகத்தின் சராசரி 348. வளர்ந்த நாடுகளின் சராசரி 501. அடிப்படை அளவைத் தொட்ட நம் பிள்ளைகள் நூற்றுக்குச் சுமார் 16 பேர். இந்திய அரசு என்ன செய்தது? கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி, 2012 தேர்வில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கிக்கொண்டது.

அரசாங்கத்துக்கு வினாத்தாள் பொருந்தவில்லையென்றால் ஒதுங்கிக்கொள்ளலாம். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவுக்கு அந்த உரிமை இல்லை. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். தலித். பிளஸ் டூவில் 1200க்கு 1176. தான் படிக்காத பாடத்திட்டத்தில் வைத்த நீட் தேர்வில் 720க்கு 86. உச்சநீதிமன்றம் வரைக்கும் போய் நியாயம் கேட்டார். கிடைக்கவில்லை. 2017 செப்டம்பர் 1ஆம் தேதி உயிரை மாய்த்துக்கொண்டார். உடனே 'தகுதி, திறமை' பாட்டுப் பாட ஒரு கூட்டம் கிளம்பியது. 1176ஐ எடுத்தது எந்தத் தகுதி என்று அவர்கள் சொல்லவில்லை. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. நல்லதுதான். பிப்பெட் யார் கையில் இருக்கிறது என்பதை ஒதுக்கீடு மட்டும் மாற்றிவிடாது.

சுண்ணாம்பில் ஊறவைத்தால் தோலின் மயிர் கழலும், ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறினால் தோல் அழுகாது என்று நம் தாத்தன்களுக்குத் தெரியும். அது வேதியியல்தான். ஆனால் அதற்கு மார்க் இல்லை, தீட்டுத்தான் இருந்தது. அந்த வேலைக்கே திரும்பிப் போவோம் என்று சொல்லவில்லை. அறிவில்லாத கூட்டம் என்ற பொய்யை மறுக்கச் சொல்கிறேன்.

தோழர்களே, பிள்ளைகளைச் சோதிக்க வேண்டாம் என்பதல்ல நம் வாதம். முதலில் பள்ளிக்கூடத்தைச் சோதியுங்கள். லேப் இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா, காலனிப் பிள்ளை வாய் வைத்த பிப்பெட்டை அடுத்த பிள்ளை கழுவிவிட்டு எடுக்கிறதா, ஒதுக்கி வைக்கிறதா? அதற்கு மார்க் போட்டுவிட்டு, அப்புறம் எங்கள் பிள்ளைகளுக்குப் போடுங்கள்.