த்ரீ நாட் த்ரீ: ஒரு துப்பாக்கி, நாலு குழல்

சியால்தாவிலிருந்து ராணாகாட் போகும் லோக்கலில் பாரக்பூர் தாண்டினால் பல்தா, அதற்கடுத்து இச்சாபூர். கொல்கத்தாவுக்குப் பிழைக்க வந்த நம்மவர்கள் பலர் இந்த ஸ்டேஷனை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். இறங்கியவர்கள் குறைவு. இங்கேதான் 1904-ல் ரைஃபிள் ஃபாக்டரி வந்தது. அதற்கு முன் அதே இடத்தில் வெடிமருந்து ஆலை. காலேஜில் என்.சி.சி. போட்டவர்கள் தோளில் சுமந்து கையைக் காய்த்துக்கொண்டார்களே, அந்த த்ரீ நாட் த்ரீக்களில் பலவற்றின் பிறந்த வீடு இதுதான்.

இந்தப் பதிவு அந்தத் துப்பாக்கியின் குழலைப் பற்றியது. லேத்தும் கேஜும் பார்த்து வயிறு கழுவுகிறவன் நான். துளை, மரை என்றால் கை சும்மா இருக்காது. ஆனால் விஷயம் மெஷின் ஷாப்போடு முடியவில்லை. குழலின் துளை எவ்வளவு பெரியது, உள்ளே வரி உண்டா இல்லையா என்று கேட்டுக்கொண்டே போனால், இந்தியாவில் யாரை யார் நம்பினார்கள் என்ற கணக்கு வெளியே வருகிறது.

முதலில் ஒரு சின்னப் பாடம். ரைஃபிள் குழலின் உட்சுவரில் திருகு மாதிரி வளைந்து ஓடும் பள்ளங்கள் இருக்கும். குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்றுகொண்டே போவதால் நேராகப் போகும், தூரமும் போகும். அந்த வரி இல்லாவிட்டால் அது வெறும் மழுக்கைக் குழல். கிட்டத்தில் அடிக்கலாம், தூரத்தில் குறி நிற்காது.

இச்சாபூருக்குப் பக்கத்து ஊர்தான் பாரக்பூர். 1857 மார்ச் 29 அன்று மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கிய ஊர். என்ஃபீல்டு தோட்டாவில் தடவிய கொழுப்பு பற்றிய கதை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதற்குப் பின் நடந்ததைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. கலகம் அடங்கியதும் இந்தியச் சிப்பாய்களுக்கென்று வரியே இல்லாத என்ஃபீல்டுகள் வந்தன. .577 துளையை .656 ஆகப் பெரிதாக்கி, வரியை எடுத்துவிட்டார்கள். பார்க்க அதே துப்பாக்கி, உள்ளே மழுக்கை! அதன் பிறகும் பல வருடங்கள், வெள்ளைக்காரப் படைக்கு ஒரு மாடல், இந்தியப் படைக்கு அதற்கு முந்தைய மாடல் என்பதே வழக்கமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் இருவர் கையிலும் ஒரே துப்பாக்கி.

அந்த ஒரே துப்பாக்கிதான் லீ-என்ஃபீல்டு. போல்ட் பொறியமைப்பு ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவருடையது. முதலில் அதற்கு மெட்ஃபோர்டு என்பவர் வகுத்த ஆழமில்லாத ஏழு வரிக் குழல். கார்டைட் என்ற புகையில்லா வெடிமருந்து வந்ததும் அதன் சூட்டில் அந்த வரிகள் சீக்கிரமே தேய்ந்துபோயின. 1895-ல் ஆழமான ஐந்து வரி வைத்த குழலை மாட்டினார்கள். அது லண்டன் அருகே என்ஃபீல்டு ஆலையில் உருவானதால் பெயரும் மாறி லீ-என்ஃபீல்டு ஆனது. ஆக, இந்தத் துப்பாக்கியின் பெயரிலேயே ஒரு குழல் மாற்றம் ஒளிந்திருக்கிறது.

குழல் சாவதற்குச் சூடு மட்டும் காரணமில்லை. அந்தக் காலத் தோட்டாவின் கேப்பில் இருந்த ரசாயனம், சுட்டபின் உள்ளே உப்பை விட்டுவிட்டுப் போகும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், துரு பிடிக்கும். எண்ணெய் போட்டால் மட்டும் உப்பு போகாது. அதனால் கொதிக்கும் தண்ணீரைக் குழலில் ஊற்றிக் கழுவி, பித்தளைக் குண்டு கட்டிய கயிற்றில் துணியைக் கோத்து இழுத்துத் துடைப்பார்கள். என்.சி.சி.யில் ஹவில்தார் 'சிந்தி' என்று துணித்துண்டு கேட்பாரே, அது இதற்குத்தான். நம் ஊர் மழைக்காலத்தில் ஒரு வாரம் சோம்பல்பட்டால் போதும், வரி போய்விடும்.

சரி, போலீஸ் கதைக்கு வருவோம். சிப்பாய்க்கு வரி கொடுத்தாயிற்று. போலீஸ்காரருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. பழைய .303 குழல்களைக் குடைந்து, வரியெல்லாம் போக .410 துளையாக்கினார்கள். பத்துத் தோட்டா கொள்ளும் மேகஸினில் மரக்கட்டையைச் செருகி, ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் சுடலாம் என்று ஆக்கினார்கள். தோட்டாவும் தனி, கடையில் விற்கும் சாதாரண.410 தோட்டா அதற்குச் சேராது. 1857-ன் பயம் ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் தீரவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பொதுமக்கள் கதை இன்னொரு துளை. ராணுவத் தோட்டா வெளியார் கைக்குப் போய்விடக் கூடாதென்று .303-ஐத் தனியாருக்கு மறுத்தார்கள். வேட்டைக்காரர்களும் ஜமீன்தார்களும் விடுவார்களா? கம்பெனிகள் அதே லீ-என்ஃபீல்டு உடம்பில் .315 குழலைப் பொருத்தி விற்றன. ராணுவத் தோட்டா அதில் சேராது, சட்டமும் தடுக்காது. சுதந்திரத்துக்குப் பிறகு இச்சாபூரும் இதே .315-ஐத் தயாரித்தது. இன்றைக்கும் .303 தடை செய்யப்பட்ட போர்; .315 லைசென்ஸில் வாங்கலாம். வெள்ளைக்காரன் போட்ட கோடு, அவன் போன பிறகும் அழியவில்லை.

நான்காவது குழல் நாமே போட்டது. 1962-ல் இமயமலையில் நம் ஜவான்கள் சீனர்களின் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எதிராக இந்த போல்ட் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். அப்போது போதுமான அளவில் கைக்கு வரவில்லை. அந்த இடைவெளிக்கு இச்சாபூர் உருவாக்கியதுதான் 2ஏ. தோட்டா எஸ்.எல்.ஆர். தோட்டா, உடம்பு பழைய லீ-என்ஃபீல்டு. பழைய துப்பாக்கிக்குக் குழலை மட்டும் மாற்றிய வேலை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. புதிய தோட்டாவின் அழுத்தத்துக்காக இன்னும் நல்ல எஃகில் புதிதாகச் செய்தது. 2000 மீட்டர் வரை குறித்திருந்த பின்பக்கக் குறிகாட்டியை 1965-ல் 800 மீட்டராக்கியபோது அது 2ஏ1 ஆனது.

ஆபீஸில் ஒரு பெங்காலி நண்பர். தாத்தா காலத்து .315 வீட்டில் இருக்கிறது, லைசென்ஸோடு. வரி தேய்ந்துவிட்டது. "உள்ளே இருப்பது .303 தானே, அசல் குழலையே மாட்டிப் புதுப்பித்துவிடலாம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னிடம் வந்து, "தாதா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

நான் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, சட்டம். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் உள்ள கடைதான் துப்பாக்கியை ரிப்பேரே செய்யலாம்; .303 குழல் போட்டால் அது வேறு வகை ஆயுதம், ஜெயில்தான். சும்மா மரையைத் திருகி மாட்டுகிற வேலையும் இல்லை. போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவே தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடைவெளி நூலளவு பிசகினாலும், உறை கிழிந்து சுடுகிறவர் முகத்துக்கு ஆபத்து.

இரண்டாவது, அவருக்கு அதிகம் உறைத்தது. அந்தத் துப்பாக்கிக்கு அசல் குழலே .315 தான். அது .303 ஆக ஒருநாளும் இருந்ததில்லை. "உங்கள் தாத்தாவுக்கு .303 கிடைக்காது என்பதால்தான் இப்படி ஒன்று பிறந்தது. நீங்கள் அதை .303 ஆக்கினால், அவருக்கு மறுக்கப்பட்டது என்ற விஷயமே மறைந்துவிடும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியே இருக்கட்டும், எண்ணெய் மட்டும் போட்டுவைக்கிறேன்" என்றார்.

2ஏ1 துப்பாக்கிகள் பல, ராணுவ உபரியாக அமெரிக்கச் சந்தைக்குப் போயின. அங்கே சிலர் கறுப்பு பெயின்ட்டைச் சுரண்டி, மரக்கட்டைக்குக் குறுக்கே இச்சாபூரில் போட்ட ஸ்க்ரூவைக் கழற்றி, குழலை வெட்டிக் குட்டையாக்கிப் பளபளவென்று வைத்துக்கொண்டார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்த ஸ்க்ரூ நம் வெயிலிலும் மழையிலும் கட்டை பிளக்காமலிருக்க இங்கே கண்ட வழி. பட் அருகே பொறித்த முத்திரையும் அப்படியே: பழையதில் கிரீடமும் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்தும், பின்னால் வந்ததில் ஆர்.எஃப்.ஐ. அதை அரத்தால் தேய்த்துவிட்டால் ராஜா போய்க் குடியரசு வந்த தடயமே போச்சு.

2008-ல் மும்பை சி.எஸ்.டி. ஸ்டேஷனில் ஏ.கே.47-க்கு எதிரே நின்ற போலீசாரிடம் இருந்தது லத்தியும் இந்த .303-ம்தான். உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்பில் இதற்கு விடை கொடுத்தது. 2021 அக்டோபரில் ஆர்டினன்ஸ் ஃபாக்டரி போர்டே கலைந்து ஏழு கம்பெனிகளானது. இச்சாபூரும் 1966-ல் தொடங்கிய நம்ம திருச்சி ஆலையும் ஒரே கம்பெனிக்குள் வந்தன. ஆக, திருச்சிக்காரர்களே, இச்சாபூர் இப்போது உங்களுக்கு ஒரு வகையில் சொந்தக்காரர்தான்!

உங்கள் பிள்ளைகள் மியூசியத்தில் இந்தத் துப்பாக்கியைப் பார்த்தால், எவ்வளவு தூரம் சுடும் என்றுதான் முதலில் கேட்பார்கள். பதில் சொல்லுங்கள். கூடவே துளையையும் காட்டுங்கள். உள்ளே வரி இருக்கிறதா, அதை யார் கையில் கொடுத்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.