கேருபீன்

தமிழ் விவிலியத்தில் வரும் இச்சொல்லின் எபிரேய ஒருமை ‘கெரூப்’, பன்மை ‘கெரூபீம்’. அந்தப் பன்மை வடிவையே ஒருமையாக வாங்கி, ‘கள்’ளும் சேர்த்துக் ‘கேருபீன்கள்’ என்கிறோம். இரட்டைப் பன்மைதான், ஆனால் வழக்கில் ஊன்றிவிட்டது. வாழ்த்து, வேண்டுதல் என்று பொருள்படும் அக்காடிய ‘கராபு’ என்ற வினையோடு அறிஞர்கள் பலர் இதை இணைக்கிறார்கள்.

மேலை ஓவியங்களின் கொழுத்த சிறகுக் குழந்தையை இங்கே மறந்துவிட வேண்டும். எசேக்கியேல் கண்ட ஆலயக் காட்சியில் கேருபீனுக்கு மனித முகமும் சிங்க முகமும் உண்டு. மெகிதோவில் கிடைத்த தந்தச் செதுக்கலில் அரசனின் அரியணையைத் தாங்குவது சிறகுள்ள, மனிதத் தலைச் சிங்கம். எருசலேமில் சாலொமோன் கட்டியதாக 1 இராஜாக்கள் கூறும் ஆலயத்தின் உள்ளறையில், ஒலிவ மரத்தில் செய்து பொன் வேய்ந்த இரண்டு கேருபீன்கள், 10 முழ உயரத்தில் நின்றன. விரித்த சிறகுகள் 20 முழ அகலத்தையும் சுவருக்குச் சுவர் நிறைத்தன. அங்கே கடவுளுக்குச் சிலை கிடையாது. உருவமற்றவரின் அரியணை இவையே.

சுவர்களிலும் கேருபீன்களைச் செதுக்கினார்கள், பேரீச்ச மரங்களுக்கும் விரிந்த மலர்களுக்கும் நடுவே. ஆதியாகமத்தில் ஏதேன் தோட்டத்து வழியைக் காப்பவையும் கேருபீன்களே. ஆகவே ஆலயத்துள் நுழைந்த குரு, அடைபட்ட அந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தார் என்று கொள்ளும் விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.