ரைட் சகோதரர்கள் செதுக்கிய சுழல்விசிறி

ஆகாய விமானத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்களில் பலர் அதன் இறக்கைகளை வியந்து, யந்திரத்தின் குதிரைசக்தியையும் கணக்கிட்டுவிட்டு, சுழல்விசிறியைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ரைட் சகோதரர்களின் புத்தி நுட்பம் பூரணமாக வெளிப்பட்ட இடமோ அந்த மரவிசிறிதான் என்பது என் அபிப்பிராயம்.

வில்பரும் ஆர்வில்லும் அந்த வேலையில் இறங்கியபோது, கப்பல்களை அரை நூற்றாண்டுக்கு மேலாக உந்தி வந்த திருகுவிசிறியின் சாஸ்திரம் நூல்களில் கிடைக்கும், அதைக் காற்றுக்கு மாற்றிக்கொண்டால் போதும் என்றுதான் நம்பியிருந்தார்கள். நூல்களைப் புரட்டியபோது சாஸ்திரமென்று ஒன்றும் அகப்படவில்லை. கப்பல் விசிறிகள் எல்லாம் செய்து பார்த்துத் திருத்திய கைப்பழக்கத்தின் விளைவாகவே இருந்தன. ஆகவே, விசிறி என்பது சுழன்று செல்லும் இறக்கையே என்ற கருத்தைப் பிடித்துக்கொண்டு, 1901-இல் தாங்களே செய்த காற்றுப் பெட்டியில் சிறு இறக்கைகளை வைத்து எடுத்த அளவுகளைத் துணையாகக் கொண்டு, விமானமும் அலகும் காற்றும் ஒருங்கே நகரும்போது எதை நிலையென்று கொண்டு கணக்கிடுவது என்று மாதக்கணக்கில் வாதாடினார்கள். உரத்த வாதம் முடியும்போது அண்ணன் தம்பியின் கட்சியிலும் தம்பி அண்ணன் கட்சியிலும் நிற்பதுண்டாம்!

கணக்கு முடிந்ததும் ஸ்ப்ரூஸ் மரப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கைக்கோடரியாலும் இருகைப் பிடிக் கத்தியாலும் செதுக்கி, முனைகள் பிளவுபடாதிருக்கத் துணி சுற்றி, எட்டரை அடி நீளத்தில் இரண்டு விசிறிகள் செய்தார்கள். இரண்டும் எதிரெதிராகச் சுழல வேண்டியிருந்ததால் ஒரு சங்கிலியை எட்டுப்போல் குறுக்கே மாற்றிப் பூட்டினார்கள். சைக்கிள் கடைக்காரர்களுக்கு அது பெரிய காரியமல்ல. அவ்விசிறிகளைப் போலச் செய்து பிற்காலத்தில் பரீட்சித்தவர்கள், யந்திர சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கை அவை உந்துவிசையாக்கின என்று கண்டார்கள்.

1903 டிசம்பர் 17-ஆம் தேதி, கிட்டி ஹாக் அருகே, முதல் முறை 12 விநாடியில் 120 அடியும், நான்காம் முறை 59 விநாடியில் 852 அடியும் விமானம் பறந்தது. பிறகு பெருங்காற்று அதைப் புரட்டிப்போட, அது மறுபடி பறக்கவே இல்லை. முதல் விமானம் யாருடையது என்பதில் ஸ்மித்சோனியன் ஸ்தாபனத்தோடு மூண்ட பிணக்கினால் 1928-இல் லண்டனுக்குப் போன விமானம், 1948-இல் திரும்பி, இன்று வாஷிங்டனில் அதே ஸ்தாபனத்தின் காட்சிசாலையில் இருக்கிறது. அதன் இடப்புற விசிறியின் சிறு மரத்துண்டு ஒன்றை, எந்த விசிறியும் சுழன்று பயனில்லாத காற்றற்ற சந்திரனுக்கு, 1969-இல் நீல் ஆர்ம்ஸ்டிராங் கொண்டுபோய்த் திரும்பினார்.