அபிடவிட்

தூத்துக்குடி கோர்ட்டு வாசலில் ‘அபிடவிட்’. மனுக்களில் ‘பிரமாணப் பத்திரம்’. கடலுக்கு அக்கரையில், இலங்கையில், ‘சத்தியக் கடதாசி’. மூன்றும் ஒன்றே.

அபிடவிட் உண்மையில் பெயர்ச்சொல்லே அல்ல, இலத்தீன் வினைமுற்று: ‘அவர் சத்தியம் செய்திருக்கிறார்’. பிரமாணம் வடசொல். அளவு, சான்று என்பவை அதன் பழைய பொருள்கள். கடதாசியோ ‘கர்த்தாஸ்’ என்ற போர்த்துக்கீசியச் சொல்லின் வழி வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலில் ஓடிய கப்பல்களுக்குப் போர்த்துக்கீசியர் கொடுத்த அனுமதிச் சீட்டுக்கும் அதுதான் பெயர்.

சரி, இலத்தீன் சொல்லும் அந்த ‘அவர்’ யார்? எழுதிக் கொடுத்த வக்கீல் அல்ல, கையெழுத்துப் போடுகிறவர். தன் சொந்த அறிவைக் கொண்டு நிரூபிக்கக்கூடிய செய்திகளையே அவர் சொல்லலாம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 19, விதி 3. இடைக்கால மனுக்களில் மட்டும் நம்பிக்கையையும் எழுதலாம், அதற்கான காரணத்தோடு. நீதிமன்ற நடவடிக்கையில் தெரிந்தே பொய் சொன்னால் 7 ஆண்டு வரை சிறை. பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாத விஷயம் ஒரு வரி இருந்தாலும், அதைத் திருத்திய பிறகே பேனாவை எடுங்கள்.