வளைந்த திமிங்கிலம்

வண்டிச் சில்லுக்குக் கொல்லன் இரும்புப் பட்டம் பூட்டுவதைக் கண்ட பெரியோர் நம்மிடையே பலர் உளர். பட்டத்தைச் செந்தணலிற் காய்ச்சிச் சில்லின்மேல் இறக்கி உடனே நீரூற்றுவான். இரும்பு சுருங்கி மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். கொல்லனுக்குக் கைகொடுத்த அச்சுருக்கமே 1933 ஆம் ஆண்டில் யப்பானியக் கடற்படையைத் தலைகுனிய வைத்தது.

1930 ஆம் ஆண்டின் இலண்டன் உடன்படிக்கை போர்க்கப்பல்களின் நிறைக்கு எல்லை வகுத்திருந்தது. ஆகவே நிறையைக் குறைக்க வழி தேடினர். தகட்டின்மேல் தகடு படியவைத்துத் தறையாணி அறைவதை விட்டு, விளிம்போடு விளிம்பு சேர்த்து மின்சாரத்தால் உருக்கி ஒட்டினால், மேற்படியும் உருக்கும் ஆணித்தலைகளும் மிச்சமாகும் அல்லவா? அவ்வாறே யொக்கோசுக்காத் துறையில் 'தைகெய்' என்னும் கப்பலைக் கட்டினர். பெருந்திமிங்கிலம் என்பது அப்பெயரின் பொருள். நீர்மூழ்கிகளுக்குத் துணையாய் நிற்பது அதன் பணி. ஏப்பிரலில் தொடங்கிய கப்பல் நவம்பரிலேயே நீரில் இறங்கியது. எத்துணை அவசரம்!

ஒட்டிய இடம் ஆறும்போது சுருங்கும். ஒரு மூட்டில் மயிரளவான சுருக்கம் கப்பல் முழுவதும் சேர்ந்தபோது, அதன் உடலே வளைந்துவிட்டது. அறுத்து நேராக்கி, வேண்டாமென்று ஒதுக்கிய தறையாணியாலேயே மீண்டும் இணைக்க நேர்ந்தது. 1935 செப்டெம்பர் 26 இல் இரு நாசகாரிகளின் முன்பகுதி சூறாவளியில் முறிந்தது. அவற்றின் அமைப்பே வலிமை குன்றியிருந்தபோதும், ஐயம் ஒட்டு வேலைமீதும் விழுந்தது. பின்னர் கட்டிய 'யமாட்டோ' பெரும்பாலும் ஆணியாலேயே இணைக்கப்பட்டது. ஒட்டைப் பழித்தது நியாயமன்று என்பேன். ஒட்டும் முறையையே அவர்கள் அறியவில்லை.

அம்முறை பிற்பாடு தெளிவாயிற்று. நடுவிலிருந்து வெளிநோக்கி, இருபுறமும் சமமாக ஒட்டவேண்டும்; வேண்டிய அளவுக்கு மேல் உலோகம் இடலாகாது; வளையக்கூடிய தகட்டை முன்னரே எதிர்ப்புறம் சற்று வளைத்து வைக்கலாம். இறுகப் பூட்டிப் பிடித்தால் வளைவு குறையும். ஆனால் இழுவிசை உள்ளே தங்கிவிடும். வளைவை முன்கூட்டிக் கணிக்கும் வாய்பாடுகளைச் சோவியத் அறிஞர் ஒக்கர்புளோம் வகுத்தார். 1971 இல் ஒசாக்காப் பல்கலைக்கழகத்து உவேடா, தகட்டைச் சிறு கூறுகளாகப் பிரித்து, சூடேறி ஆறுவதைக் கணினியாற் கணக்கிட்டுக் காட்டினார்.

இன்றும் கணக்குக்குத் தப்பிய புடைப்புகள் எஞ்சுகின்றன. அவற்றைத் தீச்சுடராற் காய்ச்சி, நீரூற்றிச் சுருக்கி நேராக்குகின்றனர், நம் கொல்லனைப் போலவே.